கண்ட்ரோல் டபிள்யூ

“ஒரு அக்காவோட வெரலுக்காக மலைக்காரங்களை எல்லாம் காக்க வெக்கச் சொல்றியா?”

“நான் யாரையும் காக்க வெக்கலீங்க. அந்தக்கா வெரலை நீங்க நிறுத்திக் காட்டுங்க, பார்க்கலாம்.”

“பழகிக்குவாங்க, புள்ள.”

“இருவத்தாறு வருசப் பழக்கம். பழக்கிவிட்டதே நீங்கதான்.”



மனைவி சொன்னது உண்மைதான்.

ரத்த வங்கியின் பழைய புரோகிராமை ஃபாக்ஸ்புரோ என்கிற அந்தக் காலத்து மொழியில் எழுதியது அவன். ரத்தம் கொடுப்பவரின் பெயர், பிரிவு, போன் நம்பர் எல்லாம் அடித்துவிட்டு, கண்ட்ரோலையும் டபிள்யூவையும் சேர்த்து அழுத்த வேண்டும். பதிவாகிவிடும்.

வங்கியில் பதிவு வேலை பார்க்கும் மரகதக்கா அப்படித்தான் பதினோராயிரம் பேரைப் பதிந்திருக்கிறார். கீபோர்டைப் பார்ப்பதே இல்லை. போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும்.

அந்தப் புரோகிராம் புதுக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. மாற்றி எழுத வேண்டும். எந்த ஃபிரேம்வொர்க்கை அடித்தளமாக வைத்து என்று சாயங்காலத்துக்குள் கமிட்டிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவனும் மனைவி பரிமளாவும் சேர்ந்து செய்கிற தொழில் இது. வங்கியின் பின்னறையில் காலையிலிருந்து சண்டையும் சேர்ந்தேதான்.

அவன் பிரவுசரில் ஓடுகிற ஃபிரேம்வொர்க் என்றான். மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிகளும் பட்டியலைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஓ நெகட்டிவ் தேவைப்பட்டால், இங்கே ஒருவர் வந்து பூட்டைத் திறக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பரிமளா, இந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் ஓடுகிற டெஸ்க்டாப் ஃபிரேம்வொர்க் போதும் என்றாள்.

ஏனென்றால் பிரவுசரில் கண்ட்ரோல் டபிள்யூ அழுத்தினால் பதிவாகாது. பக்கமே மூடிக்கொள்ளும். அடித்ததெல்லாம் போய்விடும். வேறு பட்டன்களுக்கு நாம் சொல்கிற வேலையைக் கொடுக்கலாம். இதை மட்டும் பிரவுசர் விட்டுக்கொடுப்பதில்லை.

காலையில் மாதிரி ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். கமிட்டிச் செயலாளர் பின்னால் நின்றிருந்தார்.

அக்கா ஒரு பெயரை அடித்தார். அழுத்தினார்.

காணோம்.

மறுபடி அடித்தார். காணோம்.

மூன்றாம் தடவையும்.

“என்ற வெரலுக்குத்தான் வயசாயிப்போச்சாட்ட இருக்குதுங்க” என்று சிரித்தார்.

செயலாளர் சிரிக்கவில்லை. அவனை வராண்டாவுக்குக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் படித்த பெண் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றார்.

அதிலிருந்து ஆரம்பித்ததுதான்.

“அந்தக்கா சேர் போயிருமுங்க. தெரிஞ்சுட்டே பேசறீங்க.”

“மேல ஒருத்தி பிரசவத்துல ரத்தத்துக்குக் கெடப்பாளே. அது உனக்குத் தெரியலியா?”



அப்போதுதான் வாசலைப் பார்த்தார்கள்.

மரகதக்கா நின்றிருந்தார். கையில் இரண்டு டீ.

டீயில் ஆடை படிந்திருந்தது.

டம்ளர்களை மேசைமேல் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார்.

“மலைக்காரங்களுக்கும் தெரியற மாதிரியே பண்ணிருங்க தம்பி. ஞாயித்துக்கெழம பஸ்ஸேறி வந்து தொறக்கறதே நாந்தானே.”

பரிமளா எழப் போனாள்.

“நீ உக்காரு அம்மிணி. டீயக் குடி.”

போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் காலையில் போட்ட மாதிரிப் பக்கம் அப்படியே இருந்தது.

கதவு திறந்தேதான் இருந்தது.

அக்கா கீபோர்டின் மேல் குனிந்தார். நெற்றியிலிருந்து வெல்வெட் பொட்டை எடுத்தார்.

டபிள்யூவின் மேல் ஒட்டினார்.

கட்டைவிரலால் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயரை அடித்தார். முடித்ததும் விரல் தானாகப் போனது. பொட்டைத் தொட்டது.

நின்றது.

பதிவு செய்ய, கை மெதுவாக மவுஸைத் தேடியது.

இன்னொரு பெயர்.

இந்தத் தடவை விரல் நிற்கவில்லை. பக்கம் மூடிக்கொண்டது.

அக்கா யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினார். இருவரும் சட்டென்று டீயை எடுத்துக்கொண்டார்கள்.

ஆறிப்போயிருந்தது. பரிமளா ஆடையோடு குடித்தாள்.

அவன் கமிட்டிக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தான். பிரவுசர் என்று எழுதினான். பேனாவை மூடவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது பிரவுசரில் கண்ட்ரோல் டபிள்யூவை நிறுத்தி வைக்க வழி தெரிந்தால் தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள். எவ்வளவு சுற்றுவழியாக இருந்தாலும் சரி. பொட்டின் பசை நாலு நாள்கூடத் தாங்காது.