ஏழு இலைக் களிம்பு

“உங்க களிம்புல கிருமி சாகுது, வைத்தியரே. ஆனா அந்த ஏழு இலையையும் தனித்தனியாவும் சேர்த்தும் சோதிச்சுட்டேன், ஒரு கிருமிகூட சாகல. எதையோ மறைக்கறீங்க. சொல்லலைன்னா அனுமதி கிடையாது” என்று ஃபைலை மூடினாள் ஆய்வக அதிகாரி.

வைத்தியர் பக்கத்தில் நின்ற மனைவியைக் கை காட்டினார். “சத்தியமா ஏழுதாங்க மேடம். காய்ச்சறது என் சம்சாரம்தான், அவளையே கேளுங்க.”

“வேற எதுவும் சேர்க்கறதில்லைங்க” என்றாள் மனைவி. “கிண்டறதுக்கு மட்டும் வேலியில ஒரு பச்சைக் குச்சி ஒடிச்சுக்குவேன். அதோட பட்டை உரிஞ்சு உள்ளேயே கரைஞ்சிடும்.”

வைத்தியர் பல்லைக் கடித்தார். “ஏன்டி, வீட்ல ஒரு கரண்டி இல்லையா?”

“இருபது வருஷமா கேக்கறேன், வாங்கித் தந்தீங்களா?”

அதிகாரி ஃபைலை மறுபடி திறந்தாள். “நாளைக்கு அந்தக் குச்சியைக் கொண்டு வாங்கம்மா” என்றவள், வைத்தியரைப் பார்த்துச் சிரித்தாள். “நல்லவேளை, நீங்க வாங்கித் தரல.”