இணைப்பு நூல்

சர்ச் மாதர் சங்கத்தில் கல்யாணப் பரிசாகக் கம்பளிப் போர்வை கொடுப்பது வழக்கம். ஆளுக்கொரு சதுரம் பின்னிக் கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் ஒரே நூலால் கோத்து இணைப்பது இமெல்டாவின் வேலை. இந்த முறை மாப்பிள்ளை ஜெரால்டு. இமெல்டாவோடு நிச்சயமாகி, சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த பிறகு வேண்டாம் என்று சொன்னவன்.

“இத நான் பண்றேங்க்கா, நீங்க விடுங்க” என்றாள் சங்கத்தில் இளையவளான ரோஸ்லின்.

“எப்பவும் நான்தானே பண்றேன்?”

கடைசிக் கண்ணி வந்ததும் இமெல்டா நூலை அப்படியே தொங்கவிட்டாள்.

“முடிச்சு போடலியேக்கா. இழுத்தா மொத்தமும் பிரிஞ்சிடுமே!”

“தெரியும்.”

மேடையில் மணமக்களின் தோளில் போர்வையைப் போர்த்தி, “நல்லா இருங்க” என்று வாழ்த்தி, போட்டோவுக்குச் சிரித்தாள். பிறகு நூல் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு பந்தியைப் பார்த்து நடந்தாள்.