பூட்டின் புது நம்பர்

"உங்கம்மா இன்னிக்கும் வந்துட்டுப் போயிருக்காங்க."

ஷூவைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள் போராம்.

கல்யாணமாகி இன்னும் நாற்பது நாள்கூட முடியவில்லை. பகலெல்லாம் கஸ்டமர் கேரில் உட்கார்ந்து, ஊரில் கத்துகிறவனுக்கெல்லாம் "மன்னிச்சிடுங்க சார்" சொல்லிவிட்டு, ஒன்றரை மணி நேரம் ரயிலில் நின்றுகொண்டே வந்தவள். காலையில் சிங்க்கில் போட்டுவிட்டுப் போன பாத்திரமெல்லாம் பளபளவென்று கழுவிக் கவிழ்த்திருந்தது. பால்கனியில் காய்ந்த துணி மடித்து அடுக்கியிருந்தது. பார்த்தால் சந்தோஷம்தானே வரணும்? அவளுக்கு அழுகைதான் வந்தது.

"என் உள்ளாடையைக்கூட மடிச்சு வச்சிருக்காங்க, ஹான்சோல்! நான் எங்கே போய் முட்டிக்கறது?"

புருஷன்காரன் தலையைச் சொறிந்தான். "எங்கம்மாவா? அவங்க எனக்கே ஒரு நாள் துணி மடிச்சுக் கொடுத்ததில்லையே..."

"அப்ப என்ன, பேய் வந்து மடிச்சுதா? கதவு நம்பரை உங்கம்மாவுக்குச் சொன்னது யாரு?"

சொன்னது ஹான்சோல்தான். சாவியே இல்லாத பூட்டு, நாலு நம்பரை அழுத்தினால் திறந்துகொள்ளும். குடிவந்த கையோடு அந்த நம்பரைத் தன் அம்மாவுக்குச் சொல்லாத பிள்ளைகள் இந்த இஞ்சோன் நகரத்து அடுக்குமாடிகளில் எத்தனை பேர் இருப்பார்கள்?

"நல்லதுதானே செய்யறாங்க, விட்டுடேன்."

"நல்லதா? 'மருமக வீட்டைக் குப்பையா வச்சிருக்கா'ன்னு வாயால சொல்லாம கையால சொல்றாங்க. இதுகூடப் புரியலையா உனக்கு? நீ கேட்கறியா, நான் கேட்கட்டுமா?"

அவன் கேட்கவில்லை. கேட்பான் என்று அவளும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாகக் கதவு நம்பரை மாற்றினாள். அடுத்த வேலையாக மாமியாருக்குப் போன் போட்டாள். ஹான்சோல் நைசாகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"அத்தை, தப்பா நினைச்சுக்காதீங்க. மனசுல வச்சுக்கிட்டு என்னால இருக்க முடியல. நாங்க இல்லாதப்ப நீங்க வீட்டுக்கு வந்துட்டுப் போறது எனக்குப் பிடிக்கல."

மாமியார் வாயைத் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"வாரம் ரெண்டு தடவை! என் அலமாரியைத் திறந்து, என் துணியைத் தொட்டு... எனக்கு எப்படி இருக்கும்? என் வீட்டுக்குள்ள நுழையவே எனக்குக் கூச்சமா இருக்கு."

அதோடும் அவள் நிறுத்தவில்லை.

"எங்கம்மாவைப் பாருங்க. 'புதுசாக் கட்டினவங்க வீடு, நீ வந்து நிக்காதே'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். இன்னிய தேதி வரைக்கும் வாசப்படி மிதிக்கல. அவங்களைப் பார்த்தாவது கத்துக்கக் கூடாதா அத்தை?"

அது கொஞ்சம் அதிகப்படிதான். சொன்ன பிறகு அவளுக்கே உறைத்தது.

மாமியார் மெதுவாகப் பேசினாள். "சரிம்மா. மனசுல வச்சுக்காதே. இனிமே அப்படி நடக்காது."

அப்புறம், "ஏன் குரல் இப்படிக் கம்மியிருக்கு? சாப்பிட்டியா?" என்றாள்.

"களைப்பு அத்தை, வேற என்ன" என்று போனை வைத்தாள் போராம். பேச்சை மாற்றுகிறாளாம்! நல்ல கெட்டிக்காரிதான்.

செவ்வாய்க்கிழமை உடம்பு அனலாய்க் கொதித்தது. மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பதினோராம் மாடியில் லிஃப்ட் திறந்தபோதே கேட்டது, பீப் பீப் பீப் என்று தப்பு நம்பருக்குப் பூட்டு போடுகிற கூச்சல்.

அடேயப்பா! இனிமே நடக்காதுன்னு சொல்லி முழுசா மூணு நாள் ஆகல. இன்னிக்கு ஒரு வழி பண்ணிடறேன்!

வேகமாகத் திரும்பினாள்.

கதவருகே, கையில் ரப்பர் கையுறையோடு நின்றிருந்தது அவளைப் பெற்றவள்.

"அம்மா... நீயா?"

"வந்துட்டியாடி! மூணு தடவை அடிச்சேன், கத்தி ஊரைக் கூட்டுது. நம்பரை மாத்தினா எனக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

"உனக்கு எப்படி நம்பர் தெரியும்?"

"நல்லா கேட்டே போ. உனக்கு வாங்கிக் கொடுத்த ஃப்ரிட்ஜை இறக்க வந்த அன்னிக்கு, வேலையை விட்டு வர முடியலன்னு போன்ல நீதானே சொன்னே!" அம்மா குரலைத் தணித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதடி. நீ வர வேணாம்னு சொன்னேதான். ஆனா நீ வேலைக்கும் போயிட்டு வீட்டையும் பார்க்க முடியாதே. பொண்ணை வளர்த்த லட்சணம் இதுதானான்னு யாராவது கேட்டுட்டா? அதான் நீ இல்லாத நேரமாப் பார்த்து ரெண்டு பஸ் மாறி வந்துட்டுப் போறேன்."

போராமுக்குக் காய்ச்சல் இறங்கி, வேறு ஏதோ ஏறியது.

"இது... அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? முதல் வாரமே இதே வாசல்ல கையும் களவுமா மாட்டிக்கிட்டேன். 'சம்பந்தி, உங்க மருமக காதுக்கு மட்டும் போயிட வேணாம், என்னைக் கிழிச்சுடுவா'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். சரின்னுட்டாங்க. கொண்டுவந்த பையை வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டுத் திரும்பிட்டாங்க, உள்ளேகூட வரல. அதுக்கப்புறம் அவங்க இந்தப் பக்கமே வர்றதில்ல."

போராம் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக வந்து காதில் அறைந்தது.

அம்மா அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்துப் பதறினாள்.

"ஐயோ, இப்படிக் கொதிக்குதே! அவங்க சொன்னது சரியாத்தான் இருக்கு. நான் இந்த வாரம் வர்றதாவே இல்லடி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உன் மாமியார்தான் போன் பண்ணி, 'புள்ளை குரலே சரியில்ல சம்பந்தி, ரொம்பக் களைச்சுப் போயிருக்கா. நான் போனா நல்லா இருக்காது, நீங்க கட்டாயம் ஒரு நடை போய்ப் பாருங்க'ன்னாங்க!"