ஃபோந்த்யு விருந்து

"இன்னாங்க சார் இது, பசை காய்ச்சின சட்டியக் கொணாந்து நடுவுல வெச்சிட்டுப் போறான்?" என்றார் தமிழாசிரியர் விருத்தாசலம்.

"பசை இல்லீங்க, உருக்கின பால்கட்டி. பேரு ஃபோந்த்யு" என்றார் தேவசகாயம்.

"பொந்துவா!" டிரில் மாஸ்டர் மாசிலாமணி மேசையைத் தட்டிச் சிரித்தார். "கிளியனூர் தாண்டறப்பவே எனக்குப் பசி. கோழி வரும், பிரியாணி வரும்னு பார்த்துக்கினு இருக்கேன்!"

திண்டிவனத்துக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்கள் நால்வரும் சனிக்கிழமை பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வந்திருந்தார்கள். தேவசகாயம் பி.டி. ஆசிரியர் பயிற்சிப் பரீட்சையில் தேறியதற்கு விருந்து. 'வீட்டில் எதற்குச் சிரமம், ஓட்டலிலேயே வையுங்கள்' என்றது மற்ற மூவரும்தான். இந்தப் பிரெஞ்சு ஓட்டலைத் தேடிப் பிடித்தவர் தேவசகாயம். இப்போது அவருக்கு ஒரே கவலை: சட்டி காலியாகும்வரை ஒருவரும் எழுந்துவிடக் கூடாது.

விஞ்ஞான ஆசிரியர் அல்லவா, நீளக் கம்பியை எடுத்துச் செய்தே காட்டினார். ரொட்டித் துண்டை மெத்துப் பக்கமாகக் குத்தினால் முனை மேல்தோலில் போய் மாட்டிக்கொள்ளும், நழுவாது. சட்டியின் அடிவரை விட்டுக் கிளற வேண்டும். கீழே ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் குழம்பு இளகியே இருக்கும்.

"கம்பிய வாயில வெச்சி, மறுபடியும் அதுலயே வுடறதா?" விருத்தாசலம் முகம் சுளித்தார். "எச்சில் சார்! எனக்குத் தனியாத் தட்டுல ஊத்தச் சொல்லுங்க."

"சொல்றேங்க. ஆனா சூடு போனா இறுகிடும்."

ஊற்றினார்கள். அவர் ரொட்டியைப் பிய்ப்பதற்குள் இறுகிவிட்டது. இழுத்தார், தட்டும் கூடவே வந்தது.

"சைக்கிள் டியூபு!" என்றார் கணக்கு வாத்தியார் சீனுவாசன்.

மாசிலாமணி அதற்குள் சட்டியில் இறங்கியிருந்தார். "நல்லா இல்ல சார். ஆனா சூடா இருக்குது. ஜல்தி வாங்க!"

சீனுவாசனும் கம்பியைத் தூக்கினார். விருத்தாசலம் சுற்றுமுற்றும் பார்த்தார். தெரிந்த முகம் எதுவும் இல்லை. பசி வேறு. அவரும் குத்தினார்.

அப்புறம் வாய் திட்டிக்கொண்டே இருந்தது, கை நிற்கவில்லை. நாறுகிறது என்றார் ஒருவர், உப்பே இல்லை என்றார் இன்னொருவர். துண்டுகள் கழன்று விழ, நாலு கம்பிகளும் ஒரே குழம்பில் துழாவின. விருத்தாசலம் எதையோ குத்தியெடுத்து விழுங்கினார்.

"அது நான் பாதி கடிச்சி, உள்ள வுழுந்ததுங்க" என்றார் தேவசகாயம், பணிவாக.

விருத்தாசலத்துக்குப் புரை ஏறியது.

திரும்பும் பஸ்ஸில் மாசிலாமணி புலம்பித் தீர்த்தார். "பேஜாரு புடிச்ச சாப்பாடு! ஊர்ல எறங்கி நாலு இட்லி துண்ணாதான் தூக்கம் வரும்."

"மன்னிச்சிக்கங்க, ஏமாத்தமாப் போச்சி" என்றார் தேவசகாயம். முகம் என்னவோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு டீ வந்தது. தனக்கு மட்டும் என்று ஒதுக்கிச் சன்னலுக்கு வெளியே கவிழ்த்து வைத்திருக்கும் தகரக் குவளையைத் தேவசகாயம் தொடவில்லை. மேசைமேல் மற்றவர்களுக்காக வரிசையாக இருந்த டம்ளர்களில் முதலாவதை எடுத்து நிதானமாகக் குடித்தார். விருத்தாசலம் வாயைத் திறந்தார், மற்ற இருவரையும் பார்த்தார், மூடிக்கொண்டார்: ஒரு வார்த்தை பேசினாலும், சனிக்கிழமை யார் எச்சிலை யார் தின்றது என்பது ஊருக்கே தெரிந்துவிடும்!