மூன்றுகால் கிபா
டோக்கியோவில் ஒரு வீடியோ கேம் கம்பெனியின் ஐந்தாம் மாடி. ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசை வெயிலைக் கூறு போடுகிறது. அதில் ஒருக்களித்துக் கிடக்கிறது கிபா: கையளவு ஈரக் களிமண், நரி மூஞ்சி, முதுகு நிறைய மண் முட்கள், மூன்றே கால். இன்று ஒப்புதல் முத்திரை விழாவிட்டால், பிராணிகளைப் பிடித்து வளர்க்கும் அந்தப் புது விளையாட்டில் கிபா இல்லை. அதை உருவாக்கிய சிடோரியின் இரண்டு வருஷ உழைப்பு குப்பையில். "மூணு காலா? இந்த நொண்டிய எந்தக் கொழந்த புடிச்சு வளக்கும்?" தலைமை ஓவியர் குரோகாவா முத்திரைக் கட்டையை உருட்டிக்கொண்டே சிரிக்கிறார். "பொம்ம செஞ்சு வித்தாலும் நிக்காது." சிடோரி கால் இல்லாத இடத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். "பொறியில மாட்டுன கால தானே கடிச்சுப் போட்டுட்டுத் தப்பிச்சு வந்தது சார். அதான் கிபா, கோரப்பல்லுன்னு பேரு." "ஒன் கதய யாரும்மா கேட்டா?" குரோகாவா களிமண்ணைப் பிசைந்து, உள்ளே கம்பி செருகி, நாலாவது காலை அறைந்து ஒட்டுகிறார். முதுகில் இரண்டு முள் நசுங்குகிறது. சுற்றியிருக்கும் மற்ற ஆறு ஓவியர்களும் தங்கள் தேநீரையே பார்க்கிறார்கள். "இப்பப் பாரு, லட்சணமா இருக்குல்ல?" சிடோரி கிபாவை எடுக்கிறாள். ஒட்டுக்காலைப் பல்லில் கவ்வி வெடுக்கென்று பிடுங்குகிறாள். கம்பி உதட்டைக் கிழிக்கிறது. மண்ணும் ரத்தமுமாக அந்தக் காலை அவர் முத்திரைக் கட்டை மேலேயே துப்புகிறாள். பிறகு கிபாவை மேசையில் வைத்துக் கையை எடுக்கிறாள். ஆடுகிறது. நிற்கிறது.