சுவரில் வெறும் ஆணிகள்

"இதைவிட என்ன சாட்சி வேணும் ரோட்னி? சுவரைப் பாரு."

ஷானா கராஜ் விளக்கைப் போட்டாள். சுவர் முழுக்க வெறும் ஆணிகள். ரைபிள்கள் தொங்கிய இடங்கள் மட்டும் வெளுத்து, ரைபிள் வடிவத்திலேயே தெரிந்தன.

ரோட்னி ஷெரீஃப் அலுவலகப் போலீஸ்காரன். பள்ளியில் ஷானாவுக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஷானாவின் அப்பா ஆர்லனைப் பார்த்தான். அவர் யாரையும் பார்க்கவில்லை.

அந்த ரைபிள்கள் ஒவ்வொன்றும் ஆர்லன் தன் கையால் பொருத்திச் செய்தவை. குழலை ஓரிடத்திலிருந்து, விசையை வேறோரிடத்திலிருந்து என்று தபாலில் வரவழைத்து, மரப்பிடியைத் தானே இழைத்து, குளிர்காலம் முழுக்க இந்த மேஜையில்தான் இருப்பார். போன மாதம் மனைவி ஐரீனை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு அவர் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

"எடுத்தது யாருன்னு தெரியுமா?" என்றான் ரோட்னி.

"தெரியுமாவா? அதோ நிக்கிறாரே!"

கராஜ் வாசலில் எதிர்வீட்டு டெல்பர்ட் நின்றிருந்தார். ஷானா போனில் அவரைக் கூப்பிட்டுக் கத்தியதும், வீட்டில் போடும் செருப்போடு சாலையைக் கடந்து வந்திருந்தார். ஆர்லனோடு மான் வேட்டைக்குப் போவதற்கு அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"அடக்கம் முடிஞ்ச வாரமே ஆரம்பிச்சிருக்கார்," என்றாள் ஷானா. "நான் வேலைக்குன்னு பாய்சி நகரத்துக்குப் போய்ட்டேன்ல, கேக்க ஆளில்லை. பட்டப்பகல்ல ஒவ்வொண்ணா பிக்கப் வண்டியில ஏத்திட்டுப் போனாராம். பக்கத்து வீட்டு மார்வா பார்த்திருக்கா."

ரோட்னி மேஜையைச் சுற்றி வந்தான். ரைபிள்மேல் பொருத்தும் விலை உயர்ந்த இரண்டு தொலைநோக்கிகள் பெட்டி பிரிக்காமல் அங்கேயே இருந்தன. குழல் பொருத்தாத ஒரு அரைகுறை ரைபிளும் மேஜை இடுக்கியின் பிடியில் இருந்தது.

"ஆர்லனோட அப்பா காலத்துத் துப்பாக்கி ஒண்ணு இருக்குமே, துருப்பிடிச்சது?"

"அதையும்தான்!"

"அதை வித்தா ஒரு பர்கர்கூட வாங்க முடியாதே." ரோட்னி சிரிக்கப் பார்த்தான். "டெல்பர்ட், நீங்க எடுத்தீங்களா?"

"ஆமா."

"எங்க இருக்கு?"

"என் வீட்டு அடித்தள அறையில. பூட்டி வெச்சிருக்கேன்."

"சரி, திருப்பிக் கொடுத்துடுங்க. எல்லாரும் போய்ச் சாப்பிடலாம்."

"மாட்டேன்."

"ஏன்?"

டெல்பர்ட் தன் செருப்பைப் பார்த்தார். "அதையும் சொல்ல மாட்டேன்."

"பாத்தியா திமிரை?" ஷானாவின் குரல் உடைந்தது. "மாமா மாமான்னு இவர் தோள்ல ஏறி வளர்ந்தவ நான். அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ சூப் கொண்டு வந்தப்பவே புரிஞ்சுக்காம போனேன். வீட்டை நோட்டம் பார்க்கத்தான் வந்திருக்கார்."



"டெல்பர்ட், எனக்கு வேற வழியில்லை," என்றான் ரோட்னி. "காரணம் சொல்லலைன்னா உங்களைக் கூட்டிட்டுப் போகணும். இந்த ஊர்ல யாரும் அப்புறம் உங்களுக்குக் கதவு திறக்க மாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும். மேல்கோட்டு எடுத்துக்கலாமா? வெளியே குளிருது."

ஷானா அப்பாவின் முன்னால் மண்டியிட்டாள். அவர் கைகள் தொடைமேல் கிடந்தன, வேறு யாரோ வைத்துவிட்டுப் போன கைகள் போல.

"அப்பா, நாளைக்கு நான் வேலைக்குத் திரும்பணும். உன்னை இந்த வெறும் சுவரோட எப்படி விட்டுட்டுப் போவேன்? அம்மா போனப்புறம் உனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதானேப்பா. கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தா பொழுதாவது போகும். 'என்னைக் கேக்காம எடுத்துட்டான்'னு ஒரு வார்த்தை சொல்லு. இன்னிக்கே நானே எல்லாத்தையும் மாட்டி வெச்சுடறேன்."

வீட்டுக்குள் குளிர்பதனப் பெட்டி உறுமி அடங்கியது. துக்கத்துக்கு வந்தவர்கள் கொடுத்துப்போன சீஸ் உருளைக்கிழங்கு, தட்டுத் தட்டாக அதில் அப்படியே இருந்தது.

ரோட்னி இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தான். டெல்பர்ட் கேட்பதற்கு முன்பே இரண்டு கைகளையும் நீட்டினார்.

"வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன் மாமா!" என்று கத்தினாள் ஷானா. மாமா என்று வந்துவிட்டதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன், குட்டி."

"யார்கிட்ட?"

முதல் விலங்கு பூட்டிய சத்தம் கேட்டது.

ஆர்லன் தலையை நிமிர்த்தினார். மகள் வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னை நம்பி வீட்டுல ஒரு துப்பாக்கியைக்கூட விட்டு வைக்காதே, நான் என்னையே ஏதாவது பண்ணிக்குவேன்னு, நான்தாம்மா அவன்கிட்ட கெஞ்சினேன்."