மங்கலான பச்சை

விஷ்ணுகிராந்திப் பூவை கேமரா முக்காலி இல்லாமல், மூச்சை அடக்கி, வயிற்றால் ஊர்ந்துபோய்ப் படம் எடுத்ததாக இயற்கை நேசர் மன்றத் தலைவர் சுகவனேசன் ஒலிபெருக்கியில் சொன்னார். அதைச் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அதில் ஒரே ஒரு மகரந்தத்தாள்தான் கூர்மையாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் பச்சையாகக் கரைந்துகிடந்தது. படத்தின் பெயர், 'மண்ணை வணங்குகிறேன்'. கைதட்டல் ஓய்ந்ததும், அவர் படமெடுத்த அன்றைக்கு அந்தப் பூ இருந்த மேட்டுக்குக் கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வீராயி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஐயா, இந்தப் பூ இருந்த எடத்துலதான் எம் மகளைப் பொதைச்சிருந்தேன். அடையாளத்துக்கு மூணு கல்லு நட்டிருந்தேன். காணோம்."

"ஓ, அந்தக் கல்லா? பூவுக்குப் பின்னாடி துருத்திக்கிட்டு நின்னுதும்மா. எடுத்து வீசிட்டேன். படம் சுத்தமா வரணும்ல?"

"மழை பேஞ்சு மண்ணும் சமமாயிருச்சு, பூவும் காஞ்சுபோச்சுங்க. உங்க படத்துலயாச்சும் அந்த எடம் தெரியுதாங்க?"

"தெரியாதும்மா. அதைத் தெரியாம எடுக்கிறதுதான் திறமை" என்று பொறுமையாக விளக்கிவிட்டு, அவர் பொன்னாடைக்குக் குனியப் போனார்.

வீராயி மங்கலான பச்சையில் ஒரு விரலை வைத்தாள். "இங்கயா தாயி? இங்கயா?" விரல் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

"பாத்தீங்களா, பாமர ஜனங்களையும் தொடுற படம்!" என்று சிறப்பு விருந்தினர் நெகிழ்ந்தார்.

விரல் சட்டத்தில் போய் முட்டியது. கொஞ்சம் கீழே இறக்கி, மறுபடி இந்தக் கோடியிலிருந்து தொடங்கினாள்.